கடல் கடந்து காவல் நின்றவர்கள் மறுபடி அங்கே போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

பட்டாளத்தில் சேர்ந்து கடல் கடந்த நாடுகளில் பணியாற்றியவர்களின் நினைவுகளை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் நினைவுகளைவிடக் கேள்விகளே மிகுதி. அவற்றில் பெரும்பாலானவை, தாம் பணியாற்றிய நாட்டுக்கு மறுபடி ஒருமுறை போய்வர நினைக்கும் முதியவர்களைப் பற்றி அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதியவை. கேட்டவர்களின் விருப்பப்படி பெயரை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: என் தந்தை ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1988 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதி காக்கும் படையில் இருந்தார். எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் போகிறது என்று தெரிந்தது முதல், ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அம்மாவுக்குப் பயம். இந்த வயதில், அதுவும் அந்த ஊருக்கு எதற்கு என்கிறார். அப்பாவைப் போக விடலாமா? – வாசகர், வள்ளியூர்

பதில்: போகட்டும். ஆனால் தனியாகவோ சுற்றுலாக் கூட்டத்தோடோ அனுப்பாமல் நீங்கள் உடன் செல்லுங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். இதை இவ்வளவு உறுதியாக ஏன் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மறுநாளே நம் படை இலங்கையில் இறங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலையிட்டு வரவேற்றார்கள். அந்த வரவேற்பு மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. அக்டோபரில் விடுதலைப் புலிகளுக்கு எதிரான ‘ஆபரேஷன் பவன்’ தொடங்கியபோது, யாரைக் காப்பதற்காகப் போனார்களோ அவர்களுடைய தெருக்களிலேயே சண்டை நடந்தது. 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசிப் பிரிவு கப்பலேறியபோது 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். உங்கள் தந்தை போய்ச் சேர்ந்த 1988-இல் யாழ்ப்பாண நகரத்துக்கான பெருஞ்சண்டை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இருந்தது பெயர் சொல்லிக் காட்டக்கூடிய போர்க்களம் அன்று. சோதனைச் சாவடி, சாலை ரோந்து, ஊரைச் சுற்றி வளைத்துத் தேடுதல், எந்தத் திருப்பத்தில் கண்ணிவெடி இருக்கும் என்று தெரியாமல் வண்டியில் ஏறுதல் ஆகியவையே அன்றாட வேலையாக இருந்தன. வெற்றி, தோல்வி என்று சொல்லி முடிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆகையால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதற்கு ஏற்ற கதையாக அது அவருக்குள் உருவாகவே இல்லை என்று நினைக்கிறேன். மறைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அவருடைய மௌனத்துக்குக் காரணம் என்று நீங்கள் கொள்ள வேண்டியதில்லை.

நம் பக்கத்து வீரர்களுக்கு இதில் வேறொரு பாரமும் உண்டு. பஞ்சாபிலிருந்தோ கர்வாலிலிருந்தோ வந்த வீரருக்கு அங்கே கேட்டது புரியாத மொழி. வள்ளியூரிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் போனவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சாவடியில் நிறுத்தப்பட்ட தாய் அழுதது, முதியவர் வாய்க்குள் சபித்தது, பள்ளிக்கூடப் பையன் பயத்தை மறைக்கச் சிரித்தது எல்லாமே புரிந்தன. தமிழ் தெரிந்தவர் என்பதாலேயே தேடுதலின்போது முன்னால் அழைக்கப்பட்டு, அதிகாரியின் கேள்வியை வீட்டாரிடமும் வீட்டாரின் பதிலை அதிகாரியிடமும் சொல்லும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. அந்த மண்ணும் அவர்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. திசையன்விளையிலும் உடன்குடியிலும் காண்கிற அதே பனை, அதே கிணற்றடி. போதாக்குறைக்கு, தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்புக்குப் பிழைக்கப் போன பாட்டனாரையோ பெரியப்பாவையோ பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் சீமையில் ஏராளம். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை கையில் துப்பாக்கியோடு அந்த வீட்டு வாசலில் நின்றார். இந்த வீரர்கள் பலரோடு பேசியதில் நான் கண்டது, குண்டுச் சத்தத்தைவிட அந்த வாசல்களில் காதில் விழுந்த வார்த்தைகளே அவர்களை விட்டு அகலவில்லை என்பதுதான்.

அம்மாவின் பயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது இப்போது வந்த பயம் அன்று. பட்டாள அஞ்சலில் வரும் கடிதத்துக்குக் காத்திருந்து, காலை 7.15 ஆகாசவாணிச் செய்தியில் யாழ்ப்பாணம் என்ற பெயர் வந்தாலே கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்ட பெண்களுள் அவரும் ஒருவராக இருந்திருப்பார். இலங்கை என்றால் அவருக்கு அந்த வானொலிதான். அப்பா இருந்த இடத்தைத் தம் கண்ணால் ஒருமுறை பார்ப்பது அவருக்கும் உரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது போனால் ஆபத்து உண்டா என்று கேட்கிறீர்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குப் போய்வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதியவர் ஒருவரை அங்கே யாரும் கடிந்து பேசப் போவதில்லை. ஆனால் அந்த ஊருக்கும் நினைவு உண்டு என்பதை அறிந்து போக வேண்டும். 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் நம் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாட்களில் அஞ்சலி செலுத்துகிறார்கள். உங்கள் தந்தைக்கு அந்த நிகழ்வுகளோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் “நான் 88-இல் இங்கே இருந்தேன்” என்று அவர் சொன்னவுடன், கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது அதுவாகவே இருக்கக்கூடும். அவரே முந்திக்கொண்டு அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம். பேச்சு தானாக அங்கே வந்தால் மறைக்கவும் வேண்டாம். யாரேனும் தம் இழப்பைச் சொன்னால் முழுவதும் கேட்கட்டும். விளக்கம் சொல்வதற்கும் வாதாடுவதற்கும் அது இடமன்று. காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்ட நர்சிங் அசிஸ்டண்டையோ, ரேஷன் பிஸ்கட்டைக் குழந்தைக்குக் கொடுத்த சிப்பாயையோ நினைவு வைத்திருப்பவர்களும் எதிர்ப்படலாம். இரண்டையும் ஒருவரே சொல்லவும் கூடும்.

அவர் தேடும் மனிதர்கள் அங்கே இல்லாமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டே வெளியேறினார்கள், எல்லோரும் திரும்பவில்லை. கனடாவிலும் இலண்டனிலும் குடியேறியவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பலாலி விமானத்தளத்தைச் சுற்றியிருந்த குடும்பங்கள் 1990-இல் இடம்பெயர்ந்தன. அவர்களுடைய நிலங்கள் பகுதி பகுதியாகத்தான் விடுவிக்கப்பட்டு வருகின்றன. பழைய முகாம் இருந்த இடம் இன்றும் இலங்கைப் படையின் வசம் இருந்தால் அருகே போகவோ படம் எடுக்கவோ முயலாதீர்கள். மாறாக, அவர் சிதைந்த நிலையில் பார்த்திருக்கும் யாழ்ப்பாணப் பொது நூலகம் இப்போது வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கிறது. 1990-இல் நின்றுபோன ரயில் 2014-இல் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. நூலகத்துக்குள் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பதை அவர் அவசியம் பார்க்க வேண்டும்.

உடன் இருந்தவர்களில் யாரையேனும் அவர் அங்கே இழந்திருந்தால், கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில், நாடாளுமன்றத்துக்கு அருகில் இருக்கும் அமைதிப் படை நினைவிடத்துக்கும் போங்கள். கறுப்புக் கல்லில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. புறப்படுமுன் அவர் மனத்தில் இருக்கும் பெயர்களையும் அவர்களுடைய ஊர்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்ற பிறகு நினைவுபடுத்திக்கொள்வது அந்த வயதில் எளிதன்று. யாழ்ப்பாணத்தில் முதல் நாளே அவர் காவல் இருந்த இடத்தைத் தேடிப் போகாமல் ஒரு நாளாவது ஊரில் சும்மா இருந்து, கடைத்தெருவில் நடந்து, நாலு பேரிடம் பேசிப் பழகிய பின் போவது நல்லது.

கேள்வி: சொந்த இனத்தின் மீது துப்பாக்கி நீட்டியவர்களுக்கு நினைவு எதற்கு, பயணம் எதற்கு? உங்கள் பத்திரிகை அவர்களைப் புகழ முனைகிறதா? – வாசகர், நாங்குநேரி

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அது முழுவதையும் சிப்பாயின் மீது இறக்குவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஒப்பந்தம் போட்டவை இரண்டு அரசுகள். படையை அனுப்பியதும் சண்டைக்கு ஆணையிட்டதும் டெல்லி. இன்ன நாட்டுக்குப் போக மாட்டேன் என்று சொல்லும் உரிமை நாயக்குக்கும் ஹவில்தாருக்கும் இல்லை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆயுதம் இல்லாதவரைக் கொன்றவர் யாராக இருந்தாலும், ஆணை என்ற சொல்லால் அந்தப் பழி தீராது. மருத்துவமனையில் நடந்ததை மூடி மறைத்து வீரக்கதை எழுத இந்தப் பத்திரிகை இடம் தராது.

1990 மார்ச்சில் படையினர் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவருடைய நிலைப்பாடு. தமிழ்நாட்டில் பலர் அன்று அதை ஆதரித்தார்கள். கப்பலிலிருந்து இறங்கிய நம் சீமைக்காரர்கள் ஊருக்கு வந்து, எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களுக்கு “வடக்கே” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். அப்போது தொடங்கிய மௌனம் முப்பத்தைந்து ஆண்டுகளாக நீள்கிறது. அவர்களுக்கு மரியாதையும் கிடைக்கவில்லை. நடந்தது என்ன என்று அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாவதுதான் பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன். அந்தச் சாவடிகளில் நின்று கண்ணால் பார்த்தவர்கள், மொழி புரிந்து காதால் கேட்டவர்கள், நம் ஊர்களில் எழுபது வயதைக் கடந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தம் மகன் எந்தச் சாலையில் எந்த நாளில் பிடிக்கப்பட்டான் என்று தெரியாமல் அங்கே ஒரு தாய் இருந்தால், இவர்களில் ஒருவர் உண்மையாகச் சொல்லும் நாலு வரி அவளுக்குத் தேவைப்படும். அவர்களைப் பேச வைக்க விரும்புவதற்கு முதற்காரணம் அதுதான். தலைகுனிய வைக்கும் செய்தியைச் சொல்ல முன்வருகிறவருக்கும் இந்தப் பக்கங்களில் இடம் உண்டு.

கேள்வி: என் தாத்தா ஐ.நா. படையில் 1965 முதல் 1967 வரை காசாவில் இருந்தவர். கேட்டால் ஆரஞ்சுப் பழத்தையும் மணலையும் கடலையும் பற்றித்தான் சொல்வார். இப்போது தொலைக்காட்சியில் காசாவைக் காட்டினால் எழுந்து போய்விடுகிறார். ஒரு நாள், “அங்கெல்லாம் இனிப் போக முடியுமா தாயி?” என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் நினைவுகளைப் பதிவு செய்ய ஆசை. டிரங்குப் பெட்டியில் அவர் அனுப்பிய கடிதங்களும் இருக்கின்றன. – வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: போக முடியாது என்ற உண்மையைச் சொல்லிவிடுங்கள், அவரும் அதை அறிவார். காசாப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், ஐ.நா. பணியில் உயிர்நீத்த இந்திய வீரர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. 2023 அக்டோபரில் தொடங்கிய போரில் அந்தத் தோட்டமும் சேதமடைந்திருப்பதாகச் செய்திகள் வந்துள்ளன. தாத்தா தொலைக்காட்சியை விட்டு எழுந்து போவதற்கு ஊர் பாழான காட்சி மட்டும் காரணமாக இராது. தமக்குத் தெரிந்த யாரோ ஒருவர் அங்கே மண்ணுக்குள் இருக்கிறார் என்ற நினைப்பும் இருக்கலாம். ஆகவே அவர் இருக்கும்போது அந்தச் செய்தியை வையாதீர்கள்.

அவருடைய பணி எத்தகையது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகள் கூர்மையாகும். 1956-இல் சூயஸ் போரை நிறுத்தியபின், எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே நிற்பதற்காக ஐ.நா. அமைத்த அவசரகாலப் படைக்கு, தொடக்கம் முதல் 1967-இல் அது விலக்கப்படும் வரை, இந்தியா ஒரு பட்டாலியனை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. ஞானி, ரிக்கி என்ற இரண்டு இந்தியத் தளபதிகள் அந்தப் படைக்கே தலைமை தாங்கினார்கள். எல்லைக்கோட்டை ஒட்டி, ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியும்படி காவற்கூண்டுகள் இருந்தன. பகலில் அவற்றில் நின்று பார்ப்பதும் இரவில் கோட்டோரமாக ரோந்து போவதும் வேலை. 1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் படையை விலக்கிக்கொள்ளச் சொன்னார். வெளியேற்றம் முடியுமுன்பே ஜூன் 5 அன்று போர் மூண்டு, இடையில் அகப்பட்டுக்கொண்ட இந்திய வீரர்கள் பலர் உயிரிழந்தார்கள். தாத்தா அந்த ஜூன் மாதத்தில் அங்கே இருந்தாரா, அதற்கு முன்பே கப்பலேறிவிட்டாரா என்பதுதான் நீங்கள் அறிய வேண்டிய முதல் செய்தி. ஆனால் அதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள்.

அவர் ஆரஞ்சுப் பழத்தைச் சொன்னால் ஆரஞ்சுப் பழத்தையே கேளுங்கள். காசாவின் முக்கிய விளைச்சலே அன்று அதுதான். யார் கொண்டுவந்து விற்றார்கள், என்ன விலை, எந்த மொழியில் பேரம் பேசினீர்கள், லாங்கரில் (படைச் சமையற்கூடத்தில்) அரிசிச் சோறு உண்டா, இரவுக் குளிருக்கு என்ன போர்த்திக்கொண்டீர்கள் என்று அவர் போகும் வழியிலேயே போங்கள். நாடகத்தில் வருவதுபோல “போரில் என்ன நடந்தது?” என்று கேட்டால் எந்த முன்னாள் வீரரும் வாயை மூடிக்கொள்வார். காசாப் பகுதியின் வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து அவர் முன் விரித்து வையுங்கள். ரஃபா, கான் யூனிஸ், டேர் அல்-பலா என்ற பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். விரல் தானாக ஓரிடத்தில் போய் நிற்கும். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். காலை வேளையில், ஒரு தடவைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆண்டும் தேதியும் தவறினால் இடைமறித்துத் திருத்தாதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பதக்கங்களையும் வைத்துப் பின்னர் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்திய அரசு தரும் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பதிவை எழுத்தாக்கும்போது அவருடைய அம்பாசமுத்திரத்துப் பேச்சை ஏட்டுத் தமிழாக மாற்றிவிடாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்.

கடிதங்களைப் பற்றி: உறையிலிருந்து தபால்தலையை வெட்டியெடுக்காதீர்கள். காசாவில் இருந்த நம் படையினருக்காக 1965-இல் இந்திய அரசு, நேரு உருவம் கொண்ட 15 பைசாத் தபால்தலையின் மேல் அந்த ஐ.நா. படையின் பெயரெழுத்துகளை அச்சிட்டு வெளியிட்டது. காங்கோவுக்கும் கொரியாவுக்கும் சென்ற படைகளுக்கும் இப்படித் தனித் தபால்தலைகள் இருந்தன. தலையும் முத்திரையும் உறையும் சேர்ந்திருந்தால்தான் எந்தக் கள அஞ்சலகத்திலிருந்து எந்த நாளில் புறப்பட்ட கடிதம் என்று தெரியும். ஆச்சி எழுதிய பதில் கடிதங்களும் பெட்டியில் இருந்தால் அவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிவிடுங்கள்.

கேள்வி: என் கொள்ளுப்பாட்டனார் இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் 1944-இல் இறந்ததாகச் சொல்வார்கள். உடலும் வரவில்லை, கல்லறையும் தெரியாது. பட்டாள எண் எழுதிய ஒரு பழைய தாள் மட்டும் இருக்கிறது. அவர் பெயர் எங்கேயாவது இருக்குமா? குடும்பத்தில் சிலர் போய்ப் பார்த்து துஆ செய்துவர விரும்புகிறோம். – வாசகர், மேலப்பாளையம்

பதில்: இருக்கும் என்றே நம்புகிறேன்; அந்தத் தாளில் உள்ள எண் பெரிய செல்வம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது, கட்டணம் கிடையாது. பெயரைக்கொண்டு தேடினால் அலைச்சல்தான். மைதீன் என்ற ஒரு பெயரையே அன்றைய எழுத்தர்கள் நாலைந்து விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஆகவே முதலில் எண்ணைக்கொண்டு தேடுங்கள். கிடைக்காவிட்டால் இறந்த ஆண்டையும் படைப்பிரிவையும் கொண்டு தேடுங்கள். இந்திய வீரர்கள் பலருடைய குறிப்பில் தகப்பனார் பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். மாவட்டத்தின் பெயர் அக்கால வழக்குப்படி ‘டின்னவெல்லி’ என்று எழுதப்பட்டிருக்கும்.

1944 என்பதால் அவர் இம்பால், கோஹிமாப் போர்களில் இறந்திருக்கவும், பர்மாவுக்குள்ளேயே இறந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. முஸ்லிம், கிறிஸ்தவ வீரர்களை அடக்கம் செய்தார்கள். இந்து, சீக்கிய வீரர்களின் உடல்கள் தகனம் செய்யப்பட்டன. அவர்களுடைய பெயர்கள் தனி நினைவுச் சின்னங்களில் இருக்கின்றன. இம்பாலில் இந்தியப் படையினருக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. அடக்கமான இடம் தெரியாதவர்கள் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள், யாங்கோனுக்கு வடக்கே தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தின் தூண்களில் வெட்டப்பட்டுள்ளன. எந்தத் தூணின் எந்த முகம் என்பதையும் ஆணையத்தின் பட்டியலே காட்டிவிடும். அதைக் குறித்துக்கொள்ளாமல் போனால் அவ்வளவு பெயர்களுக்கிடையே தேடி அலைய நேரும்.

முதல் உலகப்போரில் இறந்தவரைத் தேடும் வாசகர்களுக்கு நேரக்கூடிய ஒரு மனவருத்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டியவர்கள், இந்தியச் சிப்பாய்களை அவரவர் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். நூறு ஆண்டு கழித்து, 2021-இல்தான் ஆணையம் இதற்கு மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்போடு நின்றுவிடாமல் விடுபட்ட பெயர்களையும் கண்டெடுத்துச் சேர்க்க வேண்டும். அதற்கு நம் வீடுகளில் கிடக்கும் இத்தகைய பழைய தாள்கள் துணையாகும்.

பயணத்தைப் பொறுத்தவரை, மியான்மரில் 2021 முதல் உள்நாட்டுப் போர் நடக்கிறது. மணிப்பூரிலும் 2023 முதல் அமைதி குலைந்திருக்கிறது. பெயர் எங்கே இருக்கிறது என்பதை இப்போதே உறுதி செய்துகொண்டு, நிலைமை தெளிந்த பின் புறப்படுங்கள்.

கேள்வி: நான் 1992–93-இல் கம்போடியாவில் ஐ.நா. படையில் பணியாற்றினேன். அப்போது உடன் இருந்த தோழர்கள் சிலர் சேர்ந்து அடுத்த மார்கழியில் போய்வர எண்ணுகிறோம். சீருடை, பதக்கம் எடுத்துச் செல்லலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்? – முன்னாள் சுபேதார், சங்கரன்கோவில்

பதில்: மகிழ்ச்சியோடு போய் வாருங்கள். 1993 மே மாதத் தேர்தலில் அந்நாட்டு வாக்காளர்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாக்களித்தார்கள். அந்த வாக்குச் சாவடிகளுக்குக் காவல் நின்ற படையினரில் நீங்களும் ஒருவர். நடுவயதைக் கடந்த எந்தக் கம்போடியரிடம் ‘அன்டாக்’ என்று சொன்னாலும் புரிந்துகொள்வார். உங்கள் படையை அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்.

சீருடை வேண்டாம். படைத்துணி போன்ற பச்சைப் புள்ளி உடைகளும் தொப்பிகளும்கூட வேண்டாம். பதக்கத்தைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அதைவிட அக்காலப் புகைப்படங்களின் படிகள் அதிகம் உதவும், ஏனெனில் இடத்தையும் ஆளையும் அடையாளம் காட்ட அவைதான் கைகொடுக்கும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் எடுக்கும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வெளிநாட்டு மருத்துவச் செலவுக்குப் பயணக் காப்பீடு இல்லாமல் யாரும் புறப்படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: அந்நாட்டின் வடமேற்கு மாகாணங்களில் கண்ணிவெடிகள் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை. பழைய முகாம் இருந்த இடத்தைத் தேடும் ஆர்வத்தில் சாலையையும் மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையையும் விட்டு இறங்காதீர்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, அவர் கால் வைக்கும் இடத்தில் மட்டுமே கால் வையுங்கள்.